காட்டலாகாப் பொருளுக்கு ஒரு வினைச்சொல்

தொல்காப்பியத்தின் பொருளியலில் ஒரு நூற்பா உண்டு. ஒப்பு, உரு, வெறுப்பு, கற்பு, ஏர், எழில், சாயல், நாண், மடன், நோய், வேட்கை, நுகர்வு என்று 12 சொற்களை அடுக்கிவிட்டு, இவையெல்லாம் ‘நாட்டியல் மரபின் நெஞ்சுகொளின் அல்லது காட்டலாகாப் பொருள’ என்று முடிகிறது. நெஞ்சு ஏற்றுக்கொள்ளும், ஆனால் ‘இதோ பார்’ என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. அங்கே நோய் என்பது காய்ச்சல் அல்ல, காதல் தரும் வருத்தம். பள்ளிக்கூட இலக்கணம் இந்த வகையைக் கருத்துப்பொருள் என்றும், பார்த்துத் தொட்டு முகரக்கூடியதைக் காட்சிப்பொருள் என்றும் பிரிக்கிறது. கவிதை எழுத உட்காருகிற எவருக்கும் முதல் நாளிலேயே வரும் சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். சொல்ல வந்தது காட்டலாகாதது. கையில் இருப்பதோ வேப்பமரமும் எச்சில் தட்டும் கசங்கிய பேருந்துச் சீட்டும்.

‘கருத்தைச் சொல்லாதே, காட்சியை வை’ என்ற அறிவுரை எல்லாக் கவிதைப் பட்டறைகளிலும் கிடைக்கும். அதில் பாதிதான் சரி. அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர்களின் கவிதைகளில் கருத்துச்சொல் குறைந்திருக்கும். அந்த இடத்தில் பொருள்கள் குவிந்திருக்கும். சொல்ல வந்த வலி ஒரு பக்கம், பொருள்கள் மறுபக்கம் என்று ஒன்றையொன்று தொடாமல் கிடக்கும். ஒரு வரைவில் எத்தனை கருத்துச்சொல், எத்தனை காட்சிச்சொல் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் எண்ணப்படுபவை எல்லாம் பெயர்ச்சொற்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு வினைச்சொல். தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளாக நின்று பேசும் பாடல்களைப் பிரித்துப் பார்த்தால், தராசு சமன்படுகிற இடம் அந்த வினையாகத்தான் இருக்கிறது.

இன்று எழுதப்படும் கவிதைகளில் மிக அதிகம் கண்ணில் படும் பழுது இது: ‘மௌனத்தின் கதவு’, ‘தனிமையின் நதி’, ‘நினைவுகளின் தெரு’, ‘காலத்தின் சாம்பல்’. ஒரு கருத்துச்சொல், ஓர் ‘இன்’, ஒரு காட்சிச்சொல். எழுதியவருக்குக் காட்சி ஒன்றைப் பிடித்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. படிப்பவருக்கோ கதவு தெரியவே இல்லை. மரக்கதவா, தகரக்கதவா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், யார் வீட்டுக் கதவு என்று எதுவும் இல்லை. ‘இன்’ என்ற உருபு கதவை மௌனத்துக்கு எடுபிடி ஆக்கிவிட்டது. தன் உடம்பை இழந்த பொருளாக அது நிற்கிறது. சந்தேகம் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மௌனத்தின் நதி, தனிமையின் கதவு, நினைவுகளின் சாம்பல், காலத்தின் தெரு. எதுவும் கெட்டுப்போகவில்லை. எந்தச் சொல்லும் எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்கிறது என்றால், எதுவும் எதனோடும் ஒட்டவில்லை என்றுதான் பொருள்.

இப்படிச் சேர்ப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. அதுதான் உருவகம், தமிழில் அதற்கு நீண்ட வாழ்வு உண்டு. குறளின் முதல் அதிகாரத்துக் கடைசிக் குறளைப் பாருங்கள்:

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்.

பிறவி காட்டலாகாதது. கடல் காட்சி. இரண்டையும் ஒட்டவைத்ததோடு வள்ளுவர் நிற்கவில்லை. உடனே ‘நீந்துவர்’ என்கிறார். மறுநொடியே ‘நீந்தார்’ என்கிறார். நீந்துவது கடலுக்கு உரிய வினை, பிறவிக்கு உரியது அல்ல. அந்த வினை வந்ததும் கடலுக்கு ஆழம் வருகிறது, கை கால்கள் வருகின்றன, மூச்சு முட்டுகிறது. பிறவி என்ற சொல் நனைந்துவிடுகிறது. ‘தனிமையின் நதி என்னிடம் கேட்டது’ என்று எழுதும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நதி கேட்பதில்லை. மனிதருக்கு உரிய வினையை அதன் தலையில் வைத்ததும் நதி வற்றிவிடுகிறது. எனவே திருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது: கருத்தையும் காட்சியையும் இணைத்த பின் வருகிற வினை எந்தப் பக்கத்துக்கு உரியது? காட்சியின் பக்கம் இருந்தால் அந்த இணைப்பைக் காப்பாற்றலாம். வினை சரியாக அமைந்துவிட்டால் பெயர்ச்சொல்லையே எடுத்துவிடவும் முடியும். ‘தனிமை முழங்கால்வரை வந்துவிட்டது’ என்று எழுதிப் பாருங்கள். நதி என்ற சொல் இல்லை, தண்ணீர் வந்துவிட்டது.

இதைச் சங்கப் புலவர்கள் எவ்வளவு துல்லியமாகச் செய்தார்கள் என்பதற்குக் குறுந்தொகையிலிருந்து மூன்று பாடல்கள் போதும். 40ஆம் பாடல் எல்லோருக்கும் தெரிந்தது. என் தாயும் உன் தாயும் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம் என்று மூன்று அடிகள். அவற்றில் கண்ணால் பார்க்க ஒன்றுமில்லை; உறவுப் பெயர்களும் கேள்விகளும் மட்டும். பிறகு:

செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

290ஆம் பாடலில் தலைவி தோழியிடம் பேசுகிறாள். காமத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்பவர்களுக்கு அது என்னவென்றே தெரியாதா, அல்லது அவ்வளவு வலிமை உள்ளவர்களா என்று தொடங்குகிற முதல் நாலு அடியும் ஏறக்குறைய முழுக்கக் கருத்து. காமம், அறிதல், மதுகை (வலிமை), துனி (வருத்தம்) என்று காட்டலாகாத சொற்களின் வரிசை. நாலாம் அடியின் கடைசிச் சொல்லாக ‘பெருநீர்’ வந்து நிற்கிறது. அதன்பின்:

கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லா குதுமே.

58ஆம் பாடலில், தன்னை இடித்துரைக்கும் நண்பனுக்குத் தலைவன் சொல்லும் பதில். வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெயை, கையும் இல்லாத, வாயும் பேசாத ஒருவன் கண்ணால் மட்டுமே காவல் காக்கிறான்:

வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய் நோன்றுகொளற்கு அரிதே.

மூன்றிலும் காட்சி விழும் இடத்தைக் கவனியுங்கள். கடைசிக்கு முந்தைய அடி. இந்தப் பாடல்களின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் மற்ற அடிகளுக்கு நாலு சீர், ஈற்றயலடிக்கு மட்டும் மூன்று சீர். ஓசை அந்த இடத்தில் ஒரு படி குறைகிறது. காது ஒரு கணம் தடுக்கி நிற்கிறது. அப்படி நிற்கிற இடத்தில் கொண்டுவந்து செம்மண் நீரையும் நுரையையும் வெண்ணெயையும் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றில் முதல் இரண்டு பாடல்களின் புலவர்களுக்கு இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. செம்புலப் பெயனீரார், கல்பொரு சிறுநுரையார் என்று அந்த அடியின் சொற்களே பெயராகிவிட்டன. யாப்பில்லாமல் எழுதும் இன்றைய கவிஞருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: காட்சிக்கு நீண்ட வரி வேண்டாம். சுற்றிலும் உள்ள வரிகள் சற்று நீளமாக ஓடட்டும். காட்சி வரும் வரி குட்டையாகட்டும்.

இனி வினைகளைப் பாருங்கள். நீரும் மண்ணும் கலக்கின்றன, நெஞ்சங்களும் கலக்கின்றன: ‘கலந்தன’. நுரை இல்லாமல் போகிறது, நாங்களும் போகிறோம்: ‘இல்லாகுதும்’. உருகிய வெண்ணெய் பரவுகிறது, நோயும் பரவுகிறது: ‘பரந்தன்று’. ஒவ்வொரு பாடலிலும் ஒரே ஒரு வினை இரண்டு பக்கத்தையும் தூக்கிப் பிடிக்கிறது. கருத்துக்கென்று தனி வினை கிடையாது. தொல்காப்பிய உவமவியல் உவமைக்கு வகை சொல்லும்போது ‘வினை பயன் மெய் உரு’ என்று வினையை முதலில் வைப்பதை இந்த வெளிச்சத்தில் படித்தால் நன்றாக விளங்கும். மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். நிலவு போன்ற முகம், பவளம் போன்ற வாய் எல்லாம் மெய்யும் உருவும் சார்ந்தவை. பொருளுக்குப் பொருள் அழகாகப் பொருந்தும். காட்டலாகாததற்கு வடிவமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதற்கு இருப்பது நடத்தை மட்டும். கூடுகிறது, குறைகிறது, பரவுகிறது, அறுகிறது, ஒட்டிக்கொள்கிறது, திரும்ப வருகிறது. ஆகவே அதைக் காட்சியோடு கட்ட வினையுவமைதான் இயல்பான வழி. ‘துக்கம் கறுப்பு’ என்பது ஏன் எடுபடுவதில்லை, ‘துக்கம் வடிகிறது’ என்பது தேய்ந்துபோன பிறகும் ஏன் கொஞ்சம் வேலை செய்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

கருத்து மிகுந்த பாடலும் நிற்கலாம் என்பதற்குப் புறநானூற்றின் 192ஆம் பாடல் சான்று. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதல் அடியை மட்டும் மேடைகளில் கேட்டுக் கேட்டு, அதைப் பொன்மொழி என்றே எண்ணிவிட்டோம். 13 அடியில் தீது, நன்று, நோதல், தணிதல், சாதல், வாழ்தல் என்று காட்டலாகாதவை அடுத்தடுத்து வருகின்றன. ஆறாம் அடியின் முடிவில் மின்னல் வெட்டுகிறது. மழை கொட்டுகிறது, கல்லில் மோதி இரையும் பேராறு வருகிறது, அதன் நீர்வழியே ஒரு புணை, அதாவது தெப்பம், போகிறது. ஏறக்குறைய மூன்று அடி நீளத்துக்கு ஒரே காட்சி, பாட்டின் சரியான நடுவில். அங்கும் கட்டுவது வினை: புணை ‘நீர்வழிப் படூஉம்’, உயிர் ‘முறைவழிப் படூஉம்’. ஒரே சொல்லை அடுத்தடுத்த அடிகளில் அப்படியே திரும்பச் சொல்கிறார் கணியன் பூங்குன்றனார். அவ்வளவு கருத்தைத் தாங்க அவ்வளவு பெரிய ஆறு வேண்டியிருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சிந்தனையை வைத்துவிட்டு, கடைசியில் ஒரு தும்பியைப் பறக்கவிட்டால் அது தாங்காது.

இதுவரை சொன்னவற்றில் நுரையும் வெண்ணெயும் ‘போல’ என்று சொல்லிக் கொண்டுவந்த பொருள்கள். பேசுபவரின் முன்னால் வெண்ணெயும் இல்லை, பாறையும் இல்லை. இன்னொரு வகை, ஏற்கெனவே அங்கே இருக்கும் பொருள். குறுந்தொகை 25இல் கபிலர் தலைவியின் குரலில் பாடுகிறார்: அவன் என்னோடு கூடியபோது சாட்சிக்கு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவனே பொய்த்தால் நான் என்ன செய்வேன்?

தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

குருகு என்ற நீர்ப்பறவை உவமையாக வரவில்லை. அது அங்கே நின்றுகொண்டிருந்தது, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. சாட்சி சொல்லாது, அதன் கண் மீன்மேல். ‘பார்க்கும்’ என்ற வினை மீனுக்கும் உரியது, அவளைப் பார்க்காததற்கும் உரியது. ஏமாற்றம், அச்சம், கைவிடப்படுதல் எதுவும் சொல்லப்படவில்லை. ‘போல’வை எடுத்துவிட்டாலே கவிதை புதிதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. ‘போல’வில் குற்றமில்லை. பொருள் வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சிறு கவிதை, அதாவது ஏறத்தாழ 12 வரிக்குள் முடிவது, வெளியிலிருந்து வரும் பொருள் ஒன்றைத் தாங்கும். இரண்டாவது வந்தால் முதலாவது மங்கும். இடத்தில் இருக்கும் பொருள் மூன்று நாலு இருக்கலாம். ஒன்றுக்கொன்று துணை நிற்கும். கருத்துச்சொல் ஒன்று போதும், இரண்டு எல்லை. இவை கட்டளைகள் அல்ல. வரைவைத் திருத்தும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்தால் கைக்கு உதவும் அளவுகள்.

காட்சிச்சொல் எல்லாமே காட்சி தருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வானம், கடல், பூமி, காற்று, மழை, மரம், பூ, பறவை. இலக்கணப்படி இவை காட்சிப்பொருள்கள். கவிதையில் பெரும்பாலும் கருத்தைப் போலவே மிதக்கின்றன. ஒன்று, அளவில் மிகப் பெரியவை; அல்லது, எல்லா இனத்தையும் ஒரே பெயரில் அடைத்தவை. குறுந்தொகை 3இல் தேவகுலத்தார் இதை ஏணி போலப் பயன்படுத்துகிறார். நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தது, நீரினும் ஆழமானது என்று அளவிட முடியாதவற்றில் தொடங்கி, ‘கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு’ என்று ஒரு கறுத்த தண்டில் வந்து இறங்குகிறார். அதிலிருந்து தேன், தேனிலிருந்து நாடன், கடைசிச் சொல்லாக ‘நட்பு’. வானம் அளவுக்குப் பெரிதாக்கிய ஒன்றை ஒரு செடியின் தண்டு தாங்குகிறது. பெரிய சொல்லைப் போட ஆசைப்பட்டால் அதே வாக்கியத்திலேயே இப்படி இறங்கிவிட வேண்டும்.

எவ்வளவு இறங்குவது? உயிர், பறவை, குருகு, ஆரல் பார்க்கும் குருகு. அன்றாடம் பேசும் பெயர் ‘பறவை’ என்றால் அதற்கு ஒரு படி கீழே, அந்த ஊர்க்காரர் வாயில் வரும் பெயரில் நிற்பது பெரும்பாலும் போதும்: மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து. அதற்கும் கீழே போனால் பெயரைவிட ஒரு செயலைக் கொடுப்பது நல்லது. மூன்று பெயரடை போட்டு ‘சின்னஞ்சிறு பழுப்புநிற மெலிந்த குருவி’ என்று எழுதினால் குருவி ஒரு விவரப் பட்டியலாகிவிடும். ‘சிந்திய அரிசிக்கு வந்த குருவி’ என்றால் அது வந்துவிடும்.

தமிழுக்கே உரிய ஒரு திருத்தும் வழி உண்டு. நம் கருத்துச்சொற்களில் பல அடையாளத்தோடு வருகின்றன: -மை, -வு, -பு. வரைவை எடுத்து இந்த வால்கள் உள்ள சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். பிறகு வாலை நீக்கிவிட்டு, மிஞ்சுவதற்குப் பின்னால் ‘என்ன?’ என்று கேளுங்கள். வெறுமை: வெறும் என்ன? வெறும் குடம், வெறுங்கழுத்து, வெறுங்கால். பழமை: பழைய என்ன? பழைய சோறு, பழைய செருப்பு. தனிமை: தனி என்ன? தனித் தட்டு, தனி விளக்கு. -வில் முடியும் சொற்களில் பெரும்பாலும் ஒரு வினை ஒளிந்திருக்கும். அதற்குள் என்ன பொருள் நடமாடுகிறது என்று பார்க்கலாம். பிரிவு: கயிறு பிரிகிறது, பாதை பிரிகிறது, தையல் பிரிகிறது. நிறைவு: குடம் நிறைகிறது. பிரிவைப் பற்றிய கவிதையில் தையல் பிரிந்த ஒரு சட்டைத் தோள் வந்தால், பிரிவு என்ற சொல்லை நீக்கிவிட்டாலும் அது அங்கேயே இருக்கும். வேர் ஒன்றுதான் என்பதால் படிப்பவரின் காது அதைப் பிடித்துக்கொள்கிறது. மௌனம், சூன்யம், ஏகாந்தம் போன்ற சொற்கள் இந்தக் கேள்விக்குத் திறப்பதில்லை. அவற்றின் வேர் நம் அன்றாடப் பேச்சில் இல்லை. பிரித்தால் உள்ளே குடமும் இல்லை, கயிறும் இல்லை. நம் கவிதைகளில் மிக அதிகமாக மிதப்பவை இவைதான் என்பது தற்செயல் அல்ல. மௌனத்தை எடுத்துவிட்டு ‘வாயடைத்து’ என்று எழுதினால் குறைந்தபட்சம் ஒரு வாயாவது கிடைக்கும்.

அடுத்தது பொருள்களைச் சேகரிப்பது. பலர் எழுதிக்கொண்டே பொருளைத் தேடுகிறார்கள். அப்போது கைக்கு முதலில் கிடைப்பது பிறர் கவிதையில் படித்த பொருள். கடல், பாலைவனம், ரயில், வயலின் எல்லாம் ஒரே கவிதைக்குள் வருவது இதனால்தான். திணை மரபு இதற்கு நல்ல மருந்து. முதல், கரு, உரி என்ற மூன்றில் முதற்பொருள் நிலமும் பொழுதும். உரிப்பொருள் சொல்ல வந்த உணர்வு. இடையில் இருக்கும் கருப்பொருளுக்குத் தொல்காப்பியம் தரும் பட்டியல் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ். எழுதுவதற்கு முன் 20 நிமிடம் ஒதுக்கி, ஒரே இடத்துக்கு இந்த எட்டையும் நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று. கவிதை எழுதும் எண்ணமே வேண்டாம். கணக்கு எழுதுவதுபோல எழுத வேண்டும்.

ஒரு ரேஷன் கடையை எடுத்துக்கொள்வோம். பொழுது: மாதத்தின் முதல் வாரம், காலை பத்து மணி. தெய்வம்: கடைச் சுவரில் மாட்டிய காலண்டர்ப் பிள்ளையார். உணா: புழுங்கலரிசி, துவரம் பருப்பு, பாமாயில், சர்க்கரை. மா: மூட்டைக்கு அடியில் ஓடும் எலி, வாசலில் ஆடு. மரம்: வரிசைக்கு நிழல் தரும் புங்கை. புள்: மைனா. பறை என்பதை ஓசை என்று கொண்டால், மின்தராசின் கீச்சொலி, ‘அடுத்த ஆள்’ என்ற குரல். செய்தி என்றால் தொழில்: எடை போடுவது, விரல் ரேகை வைப்பது, பையை விரித்துப் பிடிப்பது. யாழ்: பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி. பதினைந்துக்குக் குறையாமல் கிடைத்துவிட்டன. கவிதைக்குள் போகப்போவது இரண்டு அல்லது மூன்று. மற்றவை எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பட்டியலில் எதை எடுப்பது என்பதில் செய்திக்குத்தான் முதலிடம் தருவேன். அதில்தான் வினைகள் இருக்கின்றன.

இப்போது ஒரு மாதிரி வரைவு. வீட்டில் ஒருவர் இறந்தபின் குடும்ப அட்டையிலிருந்து அவர் பெயரை நீக்குகிறார்கள். முதல் எழுத்தில் இப்படி வரக்கூடும்:

இழப்பின் பெருவெளியில்
நினைவுகளின் இலைகள் உதிர்கின்றன
மௌனத்தின் கதவைத் தட்டிக்
காலம் கேட்கிறது
வெறுமைக்கு என்ன பெயர் என்று.

ஐந்து வரியில் இழப்பு, நினைவு, மௌனம், காலம், வெறுமை என்று ஐந்து கருத்துச்சொற்கள். காட்சி என்று இருப்பவை இலையும் கதவும். இரண்டும் ‘இன்’னுக்குப் பின்னால் கட்டப்பட்டவை. உதிர்கின்றன என்ற வினை இலைக்கு உரியதுதான். ஆனால் எந்த மரத்து இலை என்று தெரியாததால் அது தரையைத் தொடவே இல்லை. இதை எழுதியவரின் துயரம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. வரிகளுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது ‘காட்சியாக எழுது’ என்று சொன்னதும் வரும் இரண்டாம் வரைவு:

சாக்குப் பை, பாமாயில் பிசுக்கு,
புங்கை நிழலில் பதினோராவது ஆள்,
ரேகை விழாத விரல்,
மைனா, எலி, பிள்ளையார் காலண்டர்,
சர்க்கரை ஒரு கிலோ.

எல்லாம் காட்சி. ஆனால் கடையின் இருப்புப் பதிவேடு போல இருக்கிறது. முழு வாக்கியமாக ஒரு வினைகூட இல்லை. பொருள்கள் சம எடையில் நிற்கின்றன. எது வலிக்கிறது என்று தெரியவில்லை. உரிப்பொருள் இல்லாத கருப்பொருள் குவியல். இங்கே மேலும் ஒரு பொருளைச் சேர்ப்பதால் பயனில்லை. இருப்பதில் எந்தப் பொருள் இந்த மாதம் மாறியிருக்கிறது என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் சர்க்கரை தலைக்கு அரைக்கிலோ என்ற கணக்கில் வருகிறது. ஒருவர் பெயர் போனால் ஒன்றரைக் கிலோ ஒரு கிலோவாகும். மாறியது அதுதான். மாறிய பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் வினை, பையைப் பிடிப்பது.

பெயர் நீக்கம்

இந்த மாதம்
சர்க்கரை அரைக்கிலோ குறைவு.
பையின் வாயை
இரண்டு சுற்று சுற்றிப் பிடிப்பது வழக்கம்.
மூன்றாவது சுற்றுக்கும்
இடமிருக்கிறது.
துயரம்
இவ்வளவு கனமில்லாததா?

தலைப்பு இங்கே உள்ளே ஒரு வரி செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. ‘இழப்பு’ என்று தலைப்பு வைத்தால் கவிதை முழுவதும் அதற்கு விளக்கவுரை ஆகிவிடும். ‘பெயர் நீக்கம்’ என்பது அலுவலகச் சொல், உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாத சொல். யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ இருந்து படிப்பவருக்கு அரைக்கிலோவின் கணக்கு தெரியாமல் இருக்கலாம். நீக்கம் என்ற சொல்லும் குறைவு என்ற சொல்லும் பக்கத்தில் இருப்பதால் அவர் அதை ஊகித்துக்கொள்வார். அடிக்குறிப்பு போட்டால் கெட்டுப்போகும்.

கருத்துச்சொல் ஒன்றே ஒன்று: துயரம். அதன் பயனிலை, ‘கனம்’, பையினுடையது; அதனால் இணைப்பு நிற்கிறது. ஆனால் மாற்றிப் பார்க்கும் சோதனையை இங்கேயும் நடத்த வேண்டும். ‘மரணம் இவ்வளவு கனமில்லாததா?’ என்றால் கூர்மை கூடுகிறது. அரைக்கிலோவைக் குறைத்தது மரணம்தான், துயரம் அல்ல. துயரம் கூட்டித்தான் இருக்கும். கணக்கு சரியாக இருப்பதால் மரணம் நல்ல சொல். இன்னும் ஒரு படி இறங்கி, ‘ஓர் ஆள் இவ்வளவு கனம்தானா?’ என்று போட்டால் கருத்துச்சொல்லே இல்லாமல் போகிறது. ரேஷன் கடையின் மொழியிலேயே, தலைக்கணக்கின் மொழியிலேயே, கேள்வி வருகிறது. மூன்றில் இதைத்தான் எடுப்பேன்.

பிறகு விரலால் கடைசி வரியை மறைத்துப் பார்ப்பது. எந்தக் கவிதைக்கும் இதைச் செய்யலாம். மறைத்த வரி இல்லாமலே முடிந்துவிட்டதா என்று உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். புறநானூறு 112இல் பாரி மகளிர் பாடியது இதற்கு உயர்ந்த அளவுகோல். அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள். நிலவு, தந்தை, குன்று, முரசு. ஐந்து அடியில் துயரத்துக்கு ஒரு சொல் கிடையாது. ‘உடையேம்’ என்று தொடங்கியது ‘இலமே’ என்று முடிகிறது. இழப்பு முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் நடந்துவிடுகிறது. ஆறாவது அடியாக ‘அந்தோ’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அது அவர்களின் துயரத்தைக் குறைத்திருக்கும்.

நம் மாதிரியிலும் ‘ஓர் ஆள்’ என்று தொடங்கும் கடைசி இரண்டு வரியை மறைத்துப் படியுங்கள்.

இந்த மாதம்
சர்க்கரை அரைக்கிலோ குறைவு.
பையின் வாயை
இரண்டு சுற்று சுற்றிப் பிடிப்பது வழக்கம்.
மூன்றாவது சுற்றுக்கும்
இடமிருக்கிறது.

கேள்வி போய்விட்டது. ‘இடமிருக்கிறது’ என்பதில் வரும் இடம் முதலில் பையில் இருந்தது. கடைசிச் சொல்லாகிவிட்டதும் வீட்டுக்குள்ளும் இருக்கிறது, சாப்பிட உட்காரும் வரிசையிலும் இருக்கிறது. பார்க்கவும் முடிகிறது, காட்டவும் முடியவில்லை. வழக்கமாக வேகமாகக் கடந்துவிடும் ‘இருக்கிறது’ என்ற வினை இங்கே இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருப்பதால், அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிடலாம்.